செருப்பும் பட்டுத்தாடியும்

டப்ளின் நகரை ஆண்ட நார்ஸ் மன்னர்களில் இருவரை அருகருகே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. ஒருவன் ஓலாஃப் குவாரான். மற்றவன் அவன் மகன் சிட்ரிக், பட்டுத்தாடிக்காரன். ‘குவாரான்’ தோல் செருப்பைக் குறிக்கும் ஐரியச் சொல். பட்டுத்தாடி நார்ஸ் மொழியில் வந்த பட்டப்பெயர். ஓலாஃபின் தந்தை, இங்கிலாந்தின் யார்க் நகரை ஆண்ட இன்னொரு சிட்ரிக்; அவன் மகனுக்கு ஐரியப் பட்டப்பெயர். லென்ஸ்டர் நாட்டு ஐரிய இளவரசி கோர்ம்லாத் பெற்ற பிள்ளைக்கு நார்ஸ் பட்டப்பெயர். ‘வைக்கிங்குகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் இவர்களை அடைத்துவிட முடியாது.

தந்தையின் கண் கடலுக்கு அப்பால்தான் இருந்தது. யார்க்கைத் தலைநகராகக் கொண்ட நார்தம்பிரியாவை 941 முதல் 944 வரை ஆண்டான். 943இல் ஆங்கிலேய மன்னன் எட்மண்ட் ஞானத்தந்தையாக நிற்க ஞானஸ்நானம் பெற்றான். அடுத்த ஆண்டே அந்த எட்மண்டே அவனை விரட்டினான். 949இல் திரும்பிப் போய் மறுபடியும் ஆண்டான். 952இல் மறுபடியும் துரத்தப்பட்டான். அதன் பிறகுதான் டப்ளினில் நிலைத்தான். அப்போதும் ஆசை அடங்கவில்லை, அது உள்நாட்டுப் பக்கம் திரும்பியது. 980இல், ஐரிய மன்னர்களின் புனித மேடான டாராவில், ஐரிய மன்னன் மால் செக்னலிடம் அவன் படை நொறுங்கியது. மகன் ராக்னல் களத்திலேயே விழுந்தான். கிழவன் ஐயோனா தீவின் மடத்துக்குத் தவம் செய்யப் போய், அங்கேயே கண்ணை மூடினான்.

டாரா வெற்றிக்குப் பின் மால் செக்னல் டப்ளினை முற்றுகையிட்டு, அயல்நாட்டார் பிடியில் அடிமையாக இருக்கும் ஐரியர் எல்லோரும் வீடு திரும்பலாம் என்று அறிவித்தான். ஐரிய ஆண்டேடுகள் அந்த அடிமைத்தனத்தைப் பாபிலோன் சிறையோடு ஒப்பிடுகின்றன. டப்ளினின் செழிப்புக்கு அடியில் இருந்தது இதுதான்: ஆளைப் பிடித்து விற்கும் சந்தை. ஓலாஃபுக்குப் பின் அரியணை ஏறிய இன்னொரு மகன் குளூனியார்ன், 989இல் குடிபோதையில் இருந்தபோது தன் சொந்த அடிமையின் கையாலேயே செத்தான். அந்த இடத்துக்குத்தான் சிட்ரிக் வந்தான்.

சிட்ரிக்கின் வெற்றிகளைவிட அவன் தோல்விகளைப் பாருங்கள். 999 கடைசியில் கிளென்மாமாவில் ஐரிய மன்னன் பிரையன் போருவிடம் படை தோற்றது. நகரம் கொள்ளை போனது. அடைக்கலம் தேடி வடக்கே ஓடினான். யாரும் கதவு திறக்கவில்லை. திரும்பி வந்து பிணைக்கைதிகளைக் கொடுத்துப் பணிந்தான். பிரையனின் மகளை மணந்தான். அவன் தாய் கோர்ம்லாத்தைப் பிரையன் மணந்தான். 1014 ஏப்ரல் 23, புனித வெள்ளியன்று பிரையனுக்கும் லென்ஸ்டர்-டப்ளின் படைகளுக்கும் இடையே குளோன்டார்ஃபில் பெரும்போர். பிரையன் மாண்டான், சிட்ரிக்கின் தாய்மாமன், லென்ஸ்டர் மன்னன் மால் மோர்தாவும் மாண்டான், உதவிக்கு வந்த ஆர்க்னித் தலைவன் சிகர்டும் மாண்டான். சிட்ரிக் களம் இறங்கவில்லை. மதில்மேல் நின்று மனைவியோடு வேடிக்கை பார்த்தான் என்று ஒரு நூல் ஏளனமாகச் சொல்கிறது. அது பிரையனின் கொடிவழியினர் புகழ்பாட ஏறக்குறைய நூறாண்டு கழித்து எழுதப்பட்டது. அதை நம்பி அவனைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். மதிலுக்குள் ஒரு நகரம் இருந்தது; அதைக் காக்க ஆள் வேண்டியிருந்தது.

அந்த நகரத்தை மண் காத்து வைத்திருக்கிறது. 1970களில் வுட் கீயில் தோண்டியபோது ஈரமண்ணுக்குள்ளிருந்து அந்தக் கால டப்ளின் வெளியே வந்தது: மிலாறு பின்னிய சுவர்கள், நடுவில் அடுப்பு, இரு ஓரமும் திண்ணை, மான்கொம்புச் சீப்பு, செருப்புத் தைத்து மிஞ்சிய தோல் துண்டுகள். கைத்தொழிலாளிகளும் வணிகர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர்.

அந்த ஊருக்கு நாணயம் தந்தவன் சிட்ரிக்தான். தந்தைக்கும் நாணயம் புதிதல்ல. யார்க்கில் தன் பெயரிலேயே வெள்ளிக்காசு அடித்தவன். ஆனால் டப்ளினில் ஒரு காசுகூட அடிக்கவில்லை. அங்கே வெள்ளியைத் துண்டாக்கி நிறுத்துத்தான் கொடுத்தார்கள். 997 வாக்கில் மகன் அடித்ததே அயர்லாந்தின் முதல் நாணயம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய மெல்லிய தகடு. ஒருபுறம் பக்கவாட்டு முகம், அதன் முன்னே செங்கோல். அச்சு இங்கிலாந்து மன்னன் ஈதெல்ரெட்டின் காசைப் பார்த்து வெட்டியது. மறுபுறம் சிலுவை; அதன் நான்கு இடுக்கிலும் ஓர் எழுத்தாகச் ‘சிலுவை’ என்ற லத்தீன் சொல். முகம் இரவல்தான். சுற்றியுள்ள எழுத்து மட்டும் ‘டப்ளின் மன்னன் சிட்ரிக்’ என்கிறது. தந்தை எங்கே நாணயம் அடித்தானோ அங்கேதான் அவன் மனம் இருந்தது. மகனுக்கும் அப்படியே என்று எனக்குத் தோன்றுகிறது.

சிட்ரிக்கை நல்லவனாக்க நான் முயலவில்லை. 1018இல் சொந்த மாமன் மகன் பிரானின் கண்களைப் பிடுங்கினான். பத்தாண்டு கழித்து ரோமாபுரிக்குப் புனிதப்பயணம் போனான். திரும்பி வந்து, 1030 வாக்கில் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்துக்கு நிலம் கொடுத்தான். அந்தத் தலம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

1029இல் அவன் மகனைப் பிரேகா என்ற ஐரியச் சிற்றரசின் மன்னன் சிறைபிடித்தான். மீட்கக் கொடுத்தது 1,200 மாடு, வேல்ஸ் நாட்டுக் குதிரை 120, பொன் 60 அவுன்ஸ், வெள்ளி 60 அவுன்ஸ், பிணையாட்கள், கூடவே டப்ளின் மன்னர்களின் குலச்சின்னமான கார்லஸின் வாள். நாணயம் அடித்த மன்னனும் மகனுக்கு விலையாக மாட்டை எண்ணி, வெள்ளியை நிறுத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மகனுக்குத் தாத்தாவின் பெயர், ஓலாஃப். 1034இல் ரோமுக்குப் போகும் வழியில் ஆங்கிலேயர் கையில் அவன் கொல்லப்பட்டான். இரண்டாண்டு கழித்து, சிட்ரிக் அரசை விட்டுக் கடல் கடந்து போனான்.