‘ஸ்கேன்ல ஒண்ணுமில்லை’ன்னு சொல்லிட்டாங்களா? கண்ணையும் கொஞ்சம் கவனிங்க!

எப்போதும்வென்றான் வழியா மதுரை - தூத்துக்குடி நாலுவழிச்சாலையில் பைக்கில் போகிறவரா நீங்கள்? திடீர்னு நாய் குறுக்கே வருது. சறுக்கி விழுந்து, தலையில் அடி. ஆஸ்பத்திரியில் சி.டி ஸ்கேன் எடுத்துட்டு, ‘ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போகலாம்’ங்கிறாங்க. ஆனா நாலு நாளாகியும் தலைவலி விடலை. செல்போனைப் பார்த்தா கண் கூசுது, சின்னக் கணக்குகூடக் குழம்புது. ‘வேலைக்குப் போகாம நடிக்கிறான்’னு வீட்டில் பேச்சு வேற!

நடிப்பில்லைங்க. ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் சி.டி காட்டும். மூளை குலுங்கி, அதன் வேலை தடுமாறுவதைப் பெரும்பாலும் காட்டாது. இதைத்தான் ‘கன்கஷன்’ என்கிறார்கள். சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 15-க்கு 13 முதல் 15 வரை இருந்தால், அது ‘லேசான’ மூளைக்காயம். பெயரில்தான் லேசு.

இதைக் கண் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. இரண்டு கண்ணும் ஒரே புள்ளியைப் பின்தொடர, மூளையின் பல பகுதிகள் சேர்ந்து உழைக்கணும். எங்காவது பிசகினால் விழியும் தடுமாறும், பார்க்கிறவருக்குத் தெரியாத அளவில். அதைப் பிடிக்க அமெரிக்க நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் உஸ்மா சமதானி உருவாக்கியதுதான் ‘ஐபாக்ஸ்’. 2018-ல் அங்கே அனுமதி கிடைத்தது. சுமார் 4 நிமிடம் வீடியோ பார்த்தால் போதும், கேமரா விழியசைவைப் பதிந்துவிடும். அடிபட்ட ஒரு வாரத்துக்குள் பார்க்கணும். ‘பிரெயின்ஸ்கோப்’ வேறு ரகம். நெற்றியில் ஒட்டும் எலெக்ட்ரோடுகள் மூலம் மூளையின் மின்னலைகளைப் படிக்கும். இரண்டுமே டாக்டருக்குத் துணைதான், தீர்ப்பு அல்ல.

நம்ம நாட்டில் ஐ.சி.எம்.ஆர் பங்களிப்புடன் உருவான ‘செரிபோ’ கையடக்கக் கருவி. அகச்சிவப்பு ஒளியால் மூளை ரத்தக்கசிவைக் கண்டறியும். ஸ்கேன் வசதி தூரமாக இருக்கும் கரிசல் கிராமங்களுக்கு இதுதான் முதலில் வரணும் என்பேன். ஆனால், கன்கஷனை இது சொல்லாது.

அதுவரை நீங்கள்தான் கவனிக்கணும். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத மயக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது... இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. சாலை விபத்து என்றால், ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். இந்த அறிகுறிகள் இல்லையென்றால் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெதுவாக நடமாட்டம். தலைசுற்றல் போகும்வரை பைக்கைத் தொடாதீங்க, மது வேண்டவே வேண்டாம்.

கோவில்பட்டியில் பிள்ளைகளை ஹாக்கிக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பந்தோ மட்டையோ தலையில் பட்டுப் பிள்ளை தடுமாறினால், அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்கவே கூடாது, இறுதிப்போட்டியாகவே இருந்தாலும்.