அளவும் பழக்கமும்: சிங்கப்பூர் அடுக்குமாடியில் சிறுநாய்

நாயின் நன்றியைத் தமிழர் நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளனர். வளர்த்தவன் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் அவனைக் கண்டு வால் குழைக்கும் இயல்பினது என்று நாலடியார் அதனைச் சிறப்பிக்கிறது. ஆனால் நன்றி வேறு, கீழ்ப்படிதல் வேறு. முன்னது இயல்பாக வருவது; பின்னது பழக்கத்தால் அமைவது. இவ்வேறுபாட்டின் பயனைச் சிங்கப்பூரின் நகர வரலாறு நன்கு விளக்குகிறது.

இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் தேக்கா வட்டாரம் ஒருகாலத்தில் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் பெயர்பெற்றிருந்தது. மலாய் மொழியில் எருமைக் கொட்டில் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் பெயரும், பஃபலோ சாலையின் பெயரும் அங்கு நடந்த மாட்டு வாணிகத்துக்குச் சான்றாகும். அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடல் 1933-ஆம் ஆண்டில் புக்கிட் தீமாவுக்கு மாறியது; ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் மட்டும் எஞ்சியது. அந்நாளில் நாய் என்றால் முதலில் எழுந்த அச்சம் வெறிநோய் பற்றியதே. 1953 முதல் சிங்கப்பூர் அந்நோய் அற்ற நாடாக விளங்குகிறது.

நோயச்சம் நீங்கியபின் இடச்சிக்கல் எழுந்தது. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. நாளடைவில் மக்களுள் பெரும்பாலோர் அதன் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். அவ்வீடுகளுக்கு நாயைப் பற்றிய விதிகளும் அமைந்தன. ஒரு வீட்டில் ஒரு நாய். அதுவும் ஏற்கப்பட்ட சிற்றினங்களுள் ஒன்று. தோள் உயரம் 40 சென்டிமீட்டருக்கும், எடை 10 கிலோவுக்கும் மேற்படலாகாது. யார்க்ஷயர் டெர்ரியர், ஜாக் ரஸ்ஸல் டெர்ரியர் முதலியன இவ்வரம்புக்குள் அடங்கின.

உடல் சிறுத்தால் குணமும் அடங்கிவிடுமோ? டெர்ரியர் என்னும் சொல் நிலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்தது. வளைக்குள் புகுந்து நரியை வெளியேற்றுவதே அந்நாயின் தொழில். இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் என்பார், பின்னர்ப் பாதிரியாரானவர், மாணவராயிருந்தபோது 1819-இல் வாங்கிய டிரம்ப் என்னும் பெட்டை நாயே அவர் பெயர் தாங்கிய இனத்துக்கு மூலமென்பர். நிலத்தடியில் தலைவனின் கண் எட்டாது. நாய் தானே துணிய வேண்டும். விடாது குரைத்துத் தான் இருக்கும் இடத்தை மேலே நிற்போருக்கு அறிவிக்க வேண்டும். வளைக்குள் திறமையாக விளங்கிய இப்பண்பே, மின்தூக்கியை அடுத்த வீட்டில் தொல்லையாகிறது.

ஆகவே பயிற்சி வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் 1910-இல் வெளியிட்ட நூல் காவல் நாய்களைப் பழக்குவதற்கு வழிகாட்டியது; அம்முறையில் கண்டிப்பே மிகுதி. அமெரிக்காவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் அம்மையார் 1933-இல் நடத்திய கீழ்ப்படிதல் போட்டி, வீட்டு நாய்க்கும் இக்கலையை உரியதாக்கியது. தண்டனையைத் தவிர்த்துப் பரிசால் பழக்கும் முறை இன்று பெரிதும் விரும்பப்படுகிறது. சொன்னதைச் செய்த அந்நொடியிலேயே சிறு தீனி தரவேண்டும். பிந்தினால் எதற்காகப் பரிசு என்பது நாய்க்கு விளங்காது. வீட்டார் யாவரும் ஒரே சொல்லையே ஆளுதலும் வேண்டும். பாட்டி தமிழிலும் பேரன் ஆங்கிலத்திலும் ஏவினால், குழப்பம் நாயின் குற்றமன்று.

2012-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'அடோர்' திட்டம் ஒரு திருப்பம். அளவில் பெரிய உள்ளூர்க் கலப்பின நாய்களையும் கழக வீடுகளில் வளர்க்க அது வழிசெய்தது. தத்தெடுப்போர் நாய்க்குக் கீழ்ப்படிதல் பயிற்சி அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. 2020-இல் அத்திட்டத்தின் உயர வரம்பு 55 சென்டிமீட்டராக உயர்ந்தது; எடை வரம்பு நீங்கியது. அளவை மட்டும் நோக்கிய விதி, பழக்கத்தையும் நோக்கலாயிற்று.

எனினும் ஒரு முரண் எஞ்சியுள்ளது. தெருவில் பிறந்த நாய் கற்றாக வேண்டும். டெர்ரியரோ சிறிதாயிருத்தலாலேயே அந்நிபந்தனையின்றி வீடு புகுகிறது. சுவருக்கு அப்பால் உறங்குபவரின் காதில் விழுவது நாயின் குரலேயன்றி அதன் உயரம் அன்று. விதி கேளாவிடினும், சிறுநாய்க்கும் பயிற்சி அளித்தல் வளர்ப்போர் அண்டை வீட்டார்க்குச் செலுத்த வேண்டிய கடனாகும்.