கோப்பிக் கடையும் கோலோச்சியோரும்

பேரரசனை அச்சுறுத்த வல்லது பகைவரின் படையே என்பது பொதுவான எண்ணம். ஆயினும், மூன்று கண்டங்களிற் பரந்து கிடந்த உதுமானியப் பேரரசை ஆண்ட சுல்தான் நான்காம் முராத், தன் தலைநகரான இஸ்தான்புல்லில் மக்கள் கூடிக் கோப்பி பருகிய சின்னஞ்சிறு கடைகளைக் கண்டு அஞ்சினான். அவ்வச்சத்தின் காரணத்தை ஆராயப் புகுவோர்க்குத் துருக்கியரின் சமூக வாழ்வு முழுவதும் ஒரு கிண்ணத்துள் அடங்கியிருத்தல் புலனாகும்.

கோப்பிச் செடியின் தாயகம் எதியோப்பியா. அதன் விதையை வறுத்துக் காய்ச்சிப் பருகும் வழக்கம் பதினைந்தாம் நூற்றாண்டில் யெமன் நாட்டுச் சூபி அடியார்களிடையே வேரூன்றியிருந்தது. இரவு நேர வழிபாட்டில் உறக்கம் தலைகாட்டாதிருக்க அப்பானம் அவர்களுக்குத் துணைபுரிந்தது. பின்னர் அஃது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் பரவியது. 1511ஆம் ஆண்டில் மக்காவின் அதிகாரியொருவர் அதனைத் தடைசெய்தார். எனினும் அத்தடை நிலைக்கவில்லை. 1517இல் முதலாம் செலீம் எகிப்தைக் கைப்பற்றிய பின்னர், அரபு நாடுகளின் வழக்கங்கள் துருக்கித் தலைநகரை எட்டுவது எளிதாயிற்று.

1555ஆம் ஆண்டளவில் அலெப்போ நகரத்து ஹக்கம் என்பவரும், டமஸ்கஸ் நகரத்து ஷம்ஸ் என்பவரும் இஸ்தான்புல்லின் தஹ்தகலே வட்டாரத்தில் கோப்பிக் கடை திறந்தனர் என்று உதுமானிய வரலாற்றாசிரியர் இப்ராஹீம் பெச்செவி எழுதியுள்ளார். அங்கே சிலர் நூல் வாசித்தனர். சிலர் சதுரங்கம் ஆடினர். கவிஞர் தம் புதிய பாக்களைப் படித்துக் காட்டினர். நீதிபதிகளும் ஆசிரியர்களும் பதவியை எதிர்பார்த்திருந்த அலுவலர்களும் அங்கு வந்து அமர்ந்தனர். பிற்காலத்திற் கதை சொல்வோரும், கரகோஸ் எனப்படும் நிழற்பாவைக் கூத்தாடுவோரும் அக்கடைகளையே தம் அரங்காக்கிக் கொண்டனர்.

அதுவரை, வீடு, சந்தை, பள்ளிவாசல் ஆகியவற்றுக்கு அப்பால், மதுவிலக்குடைய அச்சமுதாயத்தில் நன்மக்கள் மாலைப்பொழுதிற் கூடி அமர்வதற்கு ஏற்ற இடம் அரிதாகவே இருந்தது. ஒரு கிண்ணக் கோப்பியின் விலையைக் கொடுத்தவன் எவனாயினும் அவனுக்கு ஓர் இருக்கை உரியதாயிற்று. பெண்களுக்கு மட்டும் அவ்வுரிமை கிட்டவில்லை. அவர்கள் இல்லங்களிலும் பொதுக் குளியல் மனைகளிலும் கோப்பி அருந்தினர். பல தரத்தினரும் அருகருகே அமர்ந்தால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் அஃது அரண்மனையின் வாயிலையும் எட்டும். ஆள்வோர் அஞ்சியது அதற்கே.

முராதின் அச்சம் காரணமற்றதன்று. அவனுடைய தமையன் இரண்டாம் உஸ்மான் 1622இல் சொந்தப் படைவீரராலேயே அரியணையிலிருந்து இறக்கப்பட்டுக் கொலையுண்டான். 1632இல் மீண்டும் படைவீரர் கிளர்ந்தெழுந்து தலைமை அமைச்சரைக் கொன்றனர். அடுத்த ஆண்டில் இஸ்தான்புல்லிற் பெருந்தீ மூண்டு ஆயிரக்கணக்கான வீடுகளை அழித்தது. அதனை வாய்ப்பாகக் கொண்ட சுல்தான் கோப்பிக் கடைகளை மூடுவித்து, புகையிலையையும் தடைசெய்தான். கட்டளையை மீறியோர் உயிரிழந்தனர். ஆனால், 1640இல் அவன் மறைந்தபின் அத்தடை நாளடைவில் தளர்ந்தது. கடைகள் மீண்டும் திறந்தன. அதே நூற்றாண்டில், 1652ஆம் ஆண்டளவில், உதுமானிய நாட்டிலிருந்து சென்ற பஸ்குவா ரோசே என்பவர் இலண்டனிற் கோப்பிக் கடை திறந்தார். ஆங்கும் 1675இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் அத்தகைய கடைகளை மூட ஆணையிட்டான். மக்களின் எதிர்ப்பினால், சில நாட்களுக்குள்ளேயே அவ்வாணையைக் கைவிட வேண்டியவனானான்.

துருக்கியரின் கோப்பி வடிகட்டப்படுவதில்லை. மாவினும் நுண்ணியதாய் அரைத்த தூளை, நீண்ட கைபிடியுடைய செப்புப் பாத்திரத்தில் நீரோடு சேர்த்து, மெல்லிய தணலில் நுரை எழக் காய்ச்சுவர். கிண்ணத்தில் வார்த்தபின் மண்டி அடியிற் படியும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். அவசரக்காரனுக்கு ஏற்ற பானமன்று அது. அமர்ந்து பேசுவோர்க்கே உரியது. அதனுடன் ஒரு குவளைத் தண்ணீரும், கசப்பை ஆற்ற லொக்கும் என்னும் இனிப்பும் வைப்பர். சர்க்கரையையும் மாப்பொருளையும் இடைவிடாது கிளறிக் காய்ச்சி, பன்னீரோ பிஸ்தாப் பருப்போ சேர்த்து, உறைந்தபின் துண்டங்களாக வெட்டி எடுப்பது லொக்கும். தொதல் கிளறுவோர் அறிந்த பொறுமை அதற்கும் வேண்டும். கஸ்தமோனுப் பகுதியிலிருந்து வந்த ஹாஜி பெக்கிர், 1777இல் இஸ்தான்புல்லின் பக்செகப்பியிற் தொடங்கிய இனிப்புக் கடை அவர் பெயரால் இன்றும் நடைபெறுகின்றது. அந்நகர் செல்லும் பயணிகள் லொக்கும் வாங்க அதனை நாடுகின்றனர்.

1826இல் இரண்டாம் மஹ்மூத் ஜனிசரிப் படையை ஒழித்தபோது, அவ்வீரர் பலர் நடத்திய கோப்பிக் கடைகளையும் மூடுவித்தான். ஆயினும், 1840களில் ஆட்சியாளரின் போக்கிற் பெரும் மாற்றமொன்று நிகழ்ந்தது. அரசின் ஒற்றர் கோப்பிக் கடைகளில் அமர்ந்து, வரியைப் பற்றியும் போரைப் பற்றியும் மக்கள் பேசியவற்றை எழுதி அனுப்பினர். பேசியவரைத் தண்டிப்பது அதன் முதல் நோக்கமன்று. நாட்டின் மனநிலையை அறிவதே நோக்கம். வாயை அடைக்க முயன்று தோற்றவர்கள், ஒளிந்திருந்தேனும் செவிசாய்க்கக் கற்றுக்கொண்டனர்.

முதலாம் உலகப் போரின் முடிவில் யெமன் துருக்கியின் கையை விட்டு அகன்றது. இறக்குமதிக் கோப்பியின் விலை சுமையாகவே, கருங்கடற் கரையிலுள்ள ரிசேயில் தேயிலைச் செய்கை ஊக்குவிக்கப்பட்டது. 1869இற் பரவிய இலைநோயால் கோப்பித் தோட்டங்களை இழந்து தேயிலைக்கு மாறிய இலங்கையின் கதையை இது நினைவூட்டுகின்றது. துருக்கியர் நாள்தோறும் மிகுதியாகப் பருகுவது இன்று தேநீரே. எனினும் காலையுணவைக் குறிக்கும் அவர்களது சொல்லுக்குக் 'கோப்பிக்கு முன்' என்பதே பொருள். ஒரு கிண்ணக் கோப்பியின் நன்றி நாற்பது ஆண்டுகள் நிலைக்கும் என்பது அவர்களது பழமொழி. துருக்கிக் கோப்பி மரபை 2013இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக ஏற்றது.

பானம் மாறினாலும் கடை மாறவில்லை. கடையிற் கூடும் மக்களின் பேச்சும் ஓயவில்லை. அப்பேச்சை ஒடுக்கிய சுல்தான்களின் ஆணைகள் ஏட்டிலே உறங்குகின்றன. இஸ்தான்புல்லின் தெருக்களிலோ கிண்ணங்கள் இன்றும் நிரம்புகின்றன.