அடகுச் சீட்டும் விலைவாசியும்: குருவிகுளம் கரிசல் வட்டாரச் சேமிப்பு குறித்த ஒரு மறுகணக்கு

2007-இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி, அடுத்து விலை ஏறியது 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான். இடையில் மெழுகு, சிவப்புப் பாஸ்பரஸ், அட்டை என்று மூலப்பொருள்கள் எல்லாம் ஏறிக்கொண்டே வந்தன. கடையில் பெட்டி மட்டும் அதே ஒரு ரூபாய். பிறகு ஒரே நாளில் இரண்டு ரூபாய். கூட்டு வட்டிக் கணக்கில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீத ஏற்றம். கோவில்பட்டி, கழுகுமலை, திருவேங்கடம் தீப்பெட்டி வட்டாரத்தை ஒட்டிக் கிடக்கும் குருவிகுளம் ஒன்றியத்தில் விலைவாசியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான பண்டம் கிடையாது.

இதே காலத்தின் வேறு இரண்டு தொகைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2011-இல் 1,000 ரூபாய். 2023 ஆகஸ்டில் 1,200. பன்னிரண்டு ஆண்டில் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம். நாட்டின் விலைக் குறியீடோ அதே பன்னிரண்டு ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பானது. நூறு நாள் வேலையின் தினக்கூலி, தமிழ்நாட்டில் 2011-இல் 119 ரூபாய், 2025-இல் 336. ஆண்டுக்கு ஏழரை சதவீதத்துக்கும் மேல். எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பது தனிக் கதை. ஆனாலும் கூலி வேளாண் தொழிலாளர் விலைக் குறியீட்டோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. உதவித்தொகைக்கு அந்த முடிச்சு இல்லை. ஒரே ஊரில், ஒரே தெருவில், பாட்டியின் பணம் கரைந்த வேகமும் மருமகளின் கூலி ஏறிய வேகமும் இவ்வளவு தள்ளி நிற்கின்றன.

சேமிப்பை விலைவாசியிடமிருந்து காப்பது எப்படி என்ற கேள்விக்கு நாளிதழ்களின் வணிகப் பக்கங்கள் தரும் விடை எப்போதும் ஒன்றுதான்: வங்கி வைப்பை மட்டும் நம்பாதீர்கள், பங்கு, பரஸ்பர நிதி, தங்கம் என்று பிரித்துப் போடுங்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி, தை, மாசியில் உளுந்தோ மக்காச்சோளமோ வத்தலோ வீடு வந்து சேர்ந்தால்தான் காசு என்று வாழும் மானாவாரிக் குடும்பத்துக்கு அந்த விடை கேள்வியையே தவறவிடுகிறது. இங்கே சேமிப்பைத் தின்பதில் விலைவாசிக்கு இரண்டாம் இடம். முதலிடம் அடகு வட்டிக்கு. ஆகவே அடகில் இருக்கும் நகையைத் திருப்புவதே இவ்வட்டாரக் குடும்பம் செய்யக்கூடிய முதல் முதலீடு என்பது இக்கட்டுரையின் வாதம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2020–21 முதல் 2022–23 வரையிலான மூன்று நிதியாண்டுகள் வைப்புதாரருக்கு அண்மைக் காலத்தில் வாய்த்த மோசமான காலம். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2020 மே முதல் 2022 மே வரை 4 சதவீதத்தில் நின்றது. பெரிய வங்கிகளில் ஓராண்டு வைப்புக்கு 5 சதவீதம் கிடைத்தாலே அதிகம். சில்லறைப் பணவீக்கம் அந்த மூன்று ஆண்டுகளில் முறையே 6.2, 5.5, 6.7 சதவீதம். 2022 ஏப்ரலில் 7.79-ஐத் தொட்டது. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீத வரம்பைத் தாண்டியதால், 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. ஒரு லட்சம் ரூபாயை 5 சதவீதத்தில் மூன்று ஆண்டும் போட்டு வைத்தவர் கையில் முடிவில் இருந்தது 1,15,763 ரூபாய். தொடக்கத்தில் ஒரு லட்சம் விலையுள்ள பொருள்களை வாங்க அப்போது 1,19,548 ரூபாய் வேண்டும். வாங்கும் சக்தியில் இழப்பு 3 சதவீதத்துக்குச் சற்று மேல்.

அதே மூன்றாண்டில் நகையை வைத்துத் தனியாரிடம் ஒரு லட்சம் ரூபாயை ‘ரெண்டு வட்டி’க்கு வாங்கியவரின் கணக்கு வேறு. மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24,000, மூன்றாண்டில் 72,000, அதுவும் வட்டிக்கு வட்டி போடாமல். விலைவாசி மூன்றாண்டில் கொண்டுபோனதைவிட அதிகமாக அடகுக் கடை இரண்டே மாதத்தில் எடுத்துக்கொள்கிறது.

இதற்கு உடனே எழும் மறுப்பு, அரசின் குறியீடு நம் வீட்டு விலைவாசியைக் காட்டாது என்பது. நியாயமான மறுப்புதான். 2012-ஐ அடியாண்டாகக் கொண்ட குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு கிராமப்புறத்துக்கு 54.18 சதவீதம், நகர்ப்புறத்துக்கு 36.29. நாட்டுச் சராசரி என்பது இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும் ஓர் எண். 2024 அக்டோபரில் உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதமாக இருந்தபோது சராசரியைச் சொல்லி யாரையும் ஆறுதல்படுத்தியிருக்க முடியாது. சரி, குருவிகுளத்து வீட்டின் விலைவாசி ஆண்டுதோறும் அரசுக் கணக்கைவிட 3 புள்ளி கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மூன்றாண்டு இழப்பு 11 சதவீதம் அளவில்தான் வருகிறது. ஓராண்டு அடகு வட்டியில் பாதிகூட இல்லை.

இன்னொரு மறுப்பு ஆழமானது. விலைவாசி கட்டுமீறிப் போனால் கடன்காரருக்குத்தான் லாபம் என்பது பொருளியலின் பழைய பாடம். 2022-இல் இலங்கையில் டாலருக்கு 200 ரூபாயை ஒட்டியிருந்த மதிப்பு சில வாரங்களில் 360-ஐ எட்டியது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைப் பணவீக்கம் 69.8 சதவீதம். அத்தகைய காலத்தில் 24 சதவீத வட்டிகூடப் பேரம்தான், வைப்புதாரர்தான் ஓட்டாண்டி. என் வாதம் அங்கே செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலங்கைக்குப் பொருந்திய அறிவுரையைச் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துப் பேச்சில் இங்கேயும் பொருத்துவது, அண்மை ஆண்டுகளில் பணவீக்கம் 8 சதவீதத்துக்குள் நின்ற நாட்டில் வீட்டைப் பாழாக்கும்.

பிறகு ஏன் இவ்வளவு தங்கம்? ரிசர்வ் வங்கி அமைத்த, தருண் ராமதுரை தலைமையிலான குடும்ப நிதிக் குழு 2017-இல் தந்த அறிக்கையின்படி, இந்தியக் குடும்பச் சொத்தில் தங்கம் 11 சதவீதம். வங்கி வைப்பு, காப்பீடு, பங்கு முதலான நிதிச் சொத்துகள் எல்லாம் சேர்ந்து 5 சதவீதம். படித்தவர்கள் இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கரிசலில் தங்கத்துக்கு வலுவான ஒரு காரணம் உண்டு. அது விலை ஏறும் என்பது மட்டுமல்ல.

மானாவாரிக் குடும்பத்தின் மற்ற சொத்துகளைப் பாருங்கள். வெள்ளாடு குட்டி போட்டுப் பெருகும். கறி விலை விலைவாசியோடு ஏறும். வாரத்துக்கு விட்டு வளர்ப்பவருக்குப் பாதிக் குட்டி கொடுத்தாலும் கட்டுபடியாகும். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் தீவனம் இல்லாமல் எல்லாரும் ஒரே சந்தைக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வியாபாரி கேட்டதுதான் விலை. நிலமும் அப்படியே. நமக்குப் பணம் தேவைப்படும் ஆண்டில் பக்கத்து நிலக்காரருக்கும் பணம் தேவை. வாங்க ஆள் இருக்காது. 2018–19-இல் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றபோது அது ஒருவர் காட்டோடு நிற்கவில்லை. தங்கத்தின் விலை மட்டும்தான் குருவிகுளத்து மழையைக் கேட்டு நிர்ணயமாவதில்லை. லண்டன் சந்தையும் டாலர் மதிப்பும் இறக்குமதி வரியும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. ஊரே காய்ந்து கிடக்கும்போதும் ஒரு பவுனுக்கு அதே விலை. கால் மணி நேரத்தில் பணமாகும். ஆபத்துக்கு உதவும் காப்பீடு என்ற முறையில் கரிசல்காரரின் தங்கப் பிடிப்பு பகுத்தறிவுள்ளதே.

வளர்ச்சிக்கான முதலீடு என்று பார்த்தால் கதை மாறும். 2025 இறுதியில் பவுன் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதைப் பார்த்தவர்களுக்கு இது நினைவில் இருக்காது: 1980-க்கும் 2001-க்கும் இடையில் ரூபாய்க் கணக்கில் தங்கம் மூன்று மடங்குக்குச் சற்று மேல் ஏறியபோது விலைக் குறியீடு ஐந்து மடங்கைத் தாண்டியது. அதாவது இருபது ஆண்டுகள் தங்கம் விலைவாசியிடம் தோற்றது. 2012-லும் 2018-லும் பத்து கிராம் விலை ஏறக்குறைய அதே 31,000 ரூபாய். இடையில் பொதுவிலை ஏறத்தாழ 40 சதவீதம் கூடியிருந்தது. இத்தோடு செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி. வாங்கிய அன்றே விற்கப் போனால் இவை திரும்பி வராது. நகைக்கடைச் சீட்டுகள் பெரும்பாலும் பதினோரு மாதத்தில் முடிவதற்குக்கூடச் சட்டக் காரணம் உண்டு. 2014-இல் வந்த வைப்பு விதிகளின்படி, ஓராண்டுக்குள் பொருளாகத் தீர்க்காத முன்பணம் வைப்புத்தொகைக் கணக்கில் சேர்ந்துவிடும். கடையின் வசதிக்கு அமைந்த காலக்கெடு அது. சேமிப்பவரின் வசதிக்கு அன்று.

தங்கம் காப்பீடு என்றால், அதை அடகில் வைத்து மறந்துவிடுவது, தீக்காப்பீட்டுப் பத்திரத்தை விற்று விறகு வாங்குவது மாதிரி. சங்கிலி வைத்தது பருத்தி விதைக்கு, மழை பிந்தியது, வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்தார்கள், மறு ஆண்டும் அப்படியே, ஒருநாள் நகை மூழ்கிவிட்டது என்று செய்தி வருகிறது. இந்த வரிசையை அறியாத கரிசல் ஊர் இல்லை. ஒரு மாதிரிக் கணக்கு: 1,33,000 ரூபாய் பெறும் நகையின் மேல் ஒரு லட்சம் கடன், ஆண்டுக்கு 24 சதவீதம். தங்கம் ஆண்டுக்குப் 10 சதவீதம் ஏறினாலும் நகை கூட்டித் தருவது 13,300, வட்டி 24,000. விலை ஏற்றம் முழுவதும் போய், மேலே பத்தாயிரத்துக்கும் அதிகமாகக் கையிலிருந்து போகிறது. ‘வித்தா போயிடும், வச்சா திருப்பிக்கலாம்’ என்ற பேச்சில் உணர்ச்சி நியாயம் இருக்கிறது. கணக்கு நியாயம் மிகக் குறைந்த வட்டியில் மட்டுமே இருக்கிறது.

இதில் வியப்பானது, பல வீடுகளில் அதே பீரோவில் அஞ்சலகத் தொடர்வைப்புப் புத்தகமும் கிடப்பது. அங்கே கிடைப்பது 6.7 சதவீதம், இங்கே கொடுப்பது 24. பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் இதை மனக்கணக்கு என்பார். மகள் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்ததை விதைக்காக உடைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு அது. உடைத்தால் மறுபடி சேராது என்ற பயம் பொய்யல்ல. ஆயினும் கட்டுப்பாட்டின் விலை ஆண்டுக்கு 17 புள்ளி என்றால் அது அதிக விலை.

மாற்று வழி ஊரிலேயே இருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பயிர்க்கடனை உரிய நாளில் கட்டினால் வட்டியே இல்லை. வங்கி நகைக்கடன் வட்டி தனியார் வட்டியில் பாதிக்கும் கீழ். தனியாரிடம் போவது வட்டி தெரியாததால் அன்று. சங்கத்தில் பழைய பாக்கி, வங்கியில் வரிசை, ஆதார், கையொப்பம், மதிப்பீட்டாளர் வரும் நாள். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நகைக்கடன் நெறிமுறைகள், இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தர வழிசெய்கின்றன. அதற்கு முந்தைய வரைவு கடுமையாக இருந்ததால் தமிழக முதல்வர் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குச் சர்ச்சையானது. விகிதத்தைவிட நேரமே இங்கே பெரிய பிரச்சினை என்பதை அந்தச் சர்ச்சையில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. மகளிர் குழுவின் உள்கடன் இதில் மேலானது: கட்டும் வட்டி குழுவின் கணக்குக்கே திரும்புகிறது.

நகை வீடு திரும்பிய பிறகுதான் பங்கும் பரஸ்பர நிதியும் பேச்சில் வரவேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு தொடாமல் விட முடிந்தால் பங்கு விலைவாசியை வெல்லும் வாய்ப்பு அதிகம். ஆனால் 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்தது. அடுத்த மாதம் 23-ஆம் தேதி பிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் நிதித் திட்டங்களை மூட, பாதுகாப்பானது என்று போட்டவர்களின் பணம் முடங்கியது. சந்தை பிறகு எழுந்தது என்பது, அந்த மார்ச்சில் பணம் தேவைப்படாதவருக்கு மட்டுமே ஆறுதல். தீபாவளிச் சீட்டு வேறு வகை. எண்ணெயும் மாவும் பொருளாகத் தருவதாகச் சொல்லும் சீட்டில் விலையேற்றத்தின் சுமை நடத்துபவர் தலையில். விலை தாறுமாறாக ஏறும் ஆண்டில் முதலில் தடுமாறுபவரும் அவரே.

அரசின் பங்கு என்ன? 2021 மார்ச் 31 இரவு சிறுசேமிப்பு வட்டிகளைக் குறைத்து அறிவிப்பு வந்தது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 4-இலிருந்து 3.5 சதவீதம். மறுநாள் காலையிலேயே, கவனக்குறைவால் வந்த உத்தரவு என்று நிதியமைச்சர் திரும்பப் பெற்றார். கோடிக்கணக்கானோரின் சேமிப்பு வட்டி விலைவாசியைக் கேட்டு முடிவாவதில்லை என்பதற்கு அந்த ஓரிரவே போதும். விலைவாசியோடு கட்டிய சேமிப்புப் பத்திரம் ஒன்றை இந்தியா முயன்றதும் உண்டு. 2013 டிசம்பரில் வந்த அது, நுகர்வோர் பணவீக்கத்துக்கு மேல் 1.5 சதவீதம் தந்தது. குறைந்தபட்சம் 5,000 ரூபாய், காலம் பத்து ஆண்டு. விற்பனை மந்தம், 2014 மார்ச்சோடு மூடினார்கள். மக்களுக்கு வேண்டாம் என்று முடிவு கட்டினார்கள். வங்கி வைப்பே 9 சதவீதம் தந்த காலத்தில், கிராமத்து அஞ்சலகத்தில் மாதம் 200 ரூபாயாகக் கட்ட வழியில்லாத பத்திரத்தை யார் வாங்குவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அதே கருத்தை அஞ்சலகத் தொடர்வைப்பாக, சிறு தவணையில், அவசரத்துக்கு அதன்மேல் குறைந்த வட்டிக் கடன் எடுக்கும் வசதியோடு கொண்டுவரலாம். கடைசி வசதிதான் முக்கியம். அது இருந்தால் சங்கிலி அடகுக் கடைக்குப் போகாது. அரசுக்குச் செலவு அதிகமாகும் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம். அதன்மேல் ஒன்றரை சேர்த்தால் ஐந்தரை. இன்று ஐந்தாண்டு அஞ்சலக வைப்புக்கு அரசு தருவது 7.5. விலைவாசி இலக்குக்குள் நிற்கும் ஆண்டுகளில் அரசுக்கு இது மிச்சமே. 2022 ஏப்ரல் போன்ற மாதங்களில்தான் ஒன்பதுக்கு மேல் போகும். தன் இலக்கைத் தானே நம்பும் அரசுக்கு அந்தச் சில மாதங்களின் செலவு பெரிதில்லை.