கதவைத் திறந்த வீடுகள்

ஓசூர்ப் பகுதியில் பங்குப்பணி புரியும் நமக்கு எல்லை என்பது அன்றாடக் காட்சி. சிப்காட் தொழிற்பேட்டையில் பணிமுறை முடிந்து வெளிவரும் கூட்டத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கும். இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இலங்கைத் தமிழரின் முகாம்களும் உள்ளன. 1983-க்கும் 1987-க்கும் இடையில் கடல் கடந்து தமிழகம் வந்தோர் 1,34,000-க்கும் மேற்பட்டோர். அவர்களைத் துரத்திய கொடுமையை நாம் அறிவோம். அக்கொடுமையின் நடுவே சில வீடுகளில் நிகழ்ந்ததையோ நாம் அதிகம் பேசுவதில்லை.

1983 ஜூலை 23 இரவு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் படைவீரர் 13 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் அவர்களை அடக்கம் செய்வதற்காகக் கொழும்பு பொரளையில் திரண்ட கூட்டம் வன்முறையில் இறங்கியது. வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்திக் கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்று எரித்தனர். வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரு நாள்களில் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டனர். அக்கலவரத்தில் மாண்டோரின் தொகை, சில நூறு முதல் மூவாயிரம் வரை எனப் பலவாறு மதிப்பிடப்படுகிறது.

அந்நாள்களில் தமிழர் பலர் பிழைத்தது எவ்வாறு? அண்டை வீட்டுச் சிங்களவர் அவர்களை உள்ளே அழைத்துக் கதவடைத்தமையால். வாசலில் தீவட்டியோடு நின்றவர்களிடம், இங்கே தமிழர் எவரும் இல்லை என்று அவ்வீட்டார் கூறினர். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற காலத்தில், உயிரைக் காக்கப் பொய் உரைக்கலாமா என்று நாம் நெடுநேரம் வாதிட்டதுண்டு. அந்த வாசற்படியில் நின்ற தாய்மார்க்கு வாதிட நேரமில்லை. பொய் வெளிப்பட்டிருந்தால் எரிந்திருப்பது அவர்தம் வீடும்தான்.

அவ்வாறு கதவைத் திறப்பதற்குரிய முழு விலையை இரண்டாம் உலகப் போர்க்காலம் காட்டுகிறது. ஜெர்மானியர் கைப்பற்றியிருந்த போலந்தில், யூதருக்குப் புகலிடம் தந்தோர்க்கு மரண தண்டனை. மார்க்கோவா என்னும் சிற்றூரின் உழவர் யோசேப்பு உல்மாவும் அவர் மனைவி விக்டோரியாவும் எட்டு யூதரைத் தம் இல்லத்தில் மறைத்து வைத்திருந்தனர். 1944 மார்ச் 24 விடியற்காலையில் வந்த ஜெர்மானியக் காவற்படையினர், அந்த எட்டுப் பேரையும், நிறைசூலியான விக்டோரியாவையும் அவர் கணவரையும், இறுதியில் குழந்தைகள் அறுவரையும் சுட்டுக் கொன்றனர். 2023 செப்டம்பர் 10 அன்று, பிறக்கும் வேளையிலேயே மடிந்த சிசுவையும் சேர்த்து, அக்குடும்பம் முழுவதையும் திருச்சபை அருளாளர் நிலைக்கு உயர்த்தியது. அவர்களது விவிலியத்தில் நல்ல சமாரியர் உவமையின் அருகே 'ஆம்' என்னும் ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது.

யூதரைக் காத்தோரின் பெயர்களை எருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம் தேடித் தொகுத்து வருகிறது. 28,000-க்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றுள்ளனர். கொழும்பில் கதவைத் திறந்தவர்களுக்கு அத்தகைய பதிவேட்டை நாம் கண்டதில்லை. பிழைத்தோரின் நினைவே அவர்களுடைய பதிவேடு. இதைக் கூறுவது குற்றத்தின் சுமையைக் குறைப்பதற்கு அன்று. குற்றவாளிகளின் பாவத்தை ஓர் இனம் முழுவதன் மீதும் சுமத்தாதிருப்பதற்கே. உவமையின் சமாரியரும் வெறுக்கப்பட்ட இனத்தவரே அல்லவா?

இனி நம் எல்லைக்குத் திரும்புவோம். காவிரியின் பெயரால் 1991 டிசம்பரில் பெங்களூருவில் கலவரம் மூண்டபோது, உயிருக்கு அஞ்சிய தமிழர் ஓசூர் நோக்கி ஓடி வந்தனர். 2016 செப்டம்பரில் அத்திப்பள்ளியில் வண்டிகள் நின்றுவிட, மக்கள் மூட்டை முடிச்சுகளோடு எல்லையை நடந்தே கடந்தனர். நாளை அச்சம் எதிர்த்திசையிலும் ஓடி வரக்கூடும். நம் தெருவில் வாழும் கன்னடக் குடும்பம் ஓர் இரவில் நம் கதவைத் தட்டினால், நாம் என்ன செய்வோம்?

அந்த இரவில் முடிவெடுக்க நேரமிராது. கலகக்காரர் தமிழரின் பெயர்களைப் பட்டியலில் கண்டனர். காத்தவர்களோ அப்பெயர்களைப் பழகி அறிந்திருந்தனர். நம் அடுத்த வீட்டுக் குழந்தைகளின் பெயர்கள் நமக்குத் தெரியுமா?