அட்டையில் இல்லாத பெயர்கள்

கடல், வெயில், அலைச்சறுக்குப் பலகை, ஐந்து பெடியள். சேர்ஃப் இசை எண்டவுடனே கண்ணுக்கு முன்னால வாற படம் இதுதான். 1961இல் கலிபோர்னியாவில் முதல் பாட்டைப் பதிவுசெய்த பீச் போய்ஸ் குழு அந்தப் படத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஆனால் அந்தக் குழுவில் அலைச்சறுக்கில் உண்மையாக ஈடுபட்டவர் ட்ரம்ஸ் வாசித்த டெனிஸ் வில்சன் ஒருவர்தான். அட்டைப்படத்தை மட்டும் நம்பி இசை வரலாறு எழுத ஏலாது. அப்ப வேறு எதை நம்புவது?

அந்தக் காலத்து ஸ்ரூடியோக்களில் மிஞ்சிய பொருட்களுக்கு இன்றைக்கும் ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கு. 1966 நவம்பர் 28ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸின் கோல்ட் ஸ்டார் ஸ்ரூடியோவில் நெருப்பைப் பற்றிய ஓர் இசைத்துண்டு பதிவானது. பிறயன் வில்சன் வாத்தியக்காரருக்கு விளையாட்டுத் தீயணைப்புத் தொப்பிகள் போட்டுவிட்டார். உள்ளே ஒரு வாளியில் விறகு புகைந்தது. அந்தப் பதிவு 'ஸ்மைல்' என்ற இசைத்தட்டுக்கானது. கப்பிட்டல் நிறுவனம் அதற்கு இலட்சக்கணக்கில் அட்டைகளை அச்சடித்து முடித்துவிட்டது. 1967இல் இசைத்தட்டே கைவிடப்பட்டது. அட்டை இருந்தது, தட்டு இல்லை! இப்படியான பொருளுக்கு ஆசைப்படுவதில் பிழை சொல்ல மாட்டோம்.

ஆனாலும் நாங்கள் கூடுதலாக மதிப்பது பார்க்க ஓர் அழகுமில்லாத ஒரு தாளைத்தான். அது இசைக்கலைஞர் தொழிற்சங்கத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் கிளையான 47ஆம் கிளையில் பதியப்பட்ட ஒப்பந்தப் படிவம். எந்தத் திகதி, எந்த ஸ்ரூடியோ, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன பாட்டு, யார் யார் வாசித்தார்கள், ஆளுக்கு எவ்வளவு சம்பளம், ஓய்வூதிய நிதிக்கு எவ்வளவு. அவ்வளவும் அதில் இருக்கும். வரலாறு எழுத வேண்டுமென்று யாரும் அதை நிரப்பவில்லை. வேலை செய்தவருக்குக் கூலி போய்ச்சேர வேண்டும், அதுக்காகத்தான்.

1963இல் ஜான் அண்ட் டீன் இரட்டையரின் 'சேர்ஃப் சிற்றி' அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அதில் ட்ரம்ஸ் வாசித்தவர்கள் ஹல் பிளேனும் ஏர்ள் பாமரும். பாட்டைக் கேட்டு ஆடியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? 1966 மே மாதம் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' இன்னும் நல்ல உதாரணம். அட்டையில் குழுப் பெடியள் மிருகக்காட்சிசாலையில் ஆடுகளுக்குத் தீனி கொடுக்கிறார்கள். ஆனால் அந்த ஜனவரியில் குழு ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருக்க, பிறயன் வில்சன் லொஸ் ஏஞ்சல்ஸில் கூலிக்கு வந்த வாத்தியக்காரரோடு பின்னணி இசையைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். பேஸ் கிற்றார் வாசித்தவர்களில் ஒருவர் கரோல் கேய். ஆண்கள் நிறைந்த அந்த அறைகளில் பெரும்பாலும் அவர் ஒருவர்தான் பெண். அட்டையில் அவரின்ர பெயர் இல்லை. ஒப்பந்தத் தாளில் இருக்கு.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப பீச் போய்ஸ் ஒண்டுமே வாசிக்கேல்லை, எல்லாம் வெளியாட்கள்தான்" எண்டு சொல்லுறவையும் இருக்கினம். அந்தக் கதையும் பிழை. அதே தாள்களும் ஒலிநாடாக்களும்தான் குழுவினர், முக்கியமாக ஆரம்பகாலப் பாட்டுகளில், தாங்களே வாசித்ததைக் காட்டுகின்றன. தாளிலும் சில நேரம் பெயர் விடுபடும். அப்போது ஒலிநாடாவைக் கேட்க வேண்டும். பாட்டு தொடங்குவதற்கு முன் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதில் பதிந்திருக்கும். 1997இல் 'பெட் சவுண்ட்ஸ்' பதிவு நாடாக்கள் பெட்டித் தொகுப்பாக வெளிவந்தபோது எல்லாரும் அந்தப் பேச்சுகளைக் கேட்கக்கூடியதாக வந்தது.

பெயர் என்பது மரியாதை மட்டுமில்லை. பழைய பாட்டொன்றை ஒரு படத்திலோ விளம்பரத்திலோ திரும்பப் பயன்படுத்தினால், சங்க விதிப்படி அதில் வாசித்தவர்களுக்கும் பணம் போக வேண்டும். யாருக்கு என்று பார்ப்பது அந்தத் தாளில்தான். அதில் பெயர் விடுபட்டவர், தான் வாசித்ததை வேறு வழியில் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஐம்பது வருசத்துக்குப் பிறகு அது லேசான வேலையில்லை.

விளையாட்டுத் தொப்பி ஒரு நாளின் குதூகலத்தைச் சொல்லும். அச்சடித்த அட்டை ஒரு நிறுவனத்தின் அவசரத்தைச் சொல்லும். அந்த அறையில் யார் இருந்தார்கள் என்று சொல்வது சம்பளத் தாள். அடுத்தமுறை உங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்கேக்க, பாடினவரின் பெயரோடு நிற்காமல், வாசித்தவை யார் எண்டும் ஒருக்கா தேடிப் பாருங்கோ.