எந்திர–உதிரிபாகத் தொகுப்பு

எந்திர–உதிரிபாகத் தொகுப்பு என்பது, செல் முறை உற்பத்தியில் எந்த உதிரிபாகங்களை எந்த எந்திரங்களோடு ஒரே செல்லில் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் வழிமுறை. லேத்துகள் ஒரு பக்கம், மில்லிங் எந்திரங்கள் இன்னொரு பக்கம் என நிறுத்திய பட்டறையில், பாகங்கள் எந்திரத்தில் இருக்கும் நேரத்தைவிட வரிசையில் காத்துக்கிடக்கும் நேரமே பெரும்பாலும் அதிகம். ஒத்த வேலை தேவைப்படும் பாகங்களுக்குத் தனி எந்திரக் குழுவை, அதாவது ஒரு செல்லை, ஒதுக்கினால் அலைச்சல் குறையும். சோவியத் ஒன்றியத்தின் மித்ரஃபானவும் பிரிட்டனின் ஜான் பர்பிட்ஜும் இத்துறையின் முன்னோடிகள். பாகத்தின் வடிவத்தை விட்டுவிட்டு, அது செல்லும் வழியைப் பார்த்தவர் பர்பிட்ஜ்.

இதற்கு ஓர் அட்டவணையில் எந்திரங்களை வரிசைகளாகவும் பாகங்களை நிரல்களாகவும் எழுதி, வேலை உள்ள இடத்தில் 1, இல்லாத இடத்தில் 0 இடுவார்கள். 1கள் மூலைவிட்டத்தை ஒட்டிக் கட்டங்களாகத் திரளும்படி அட்டவணையை மாற்றி அடுக்க வேண்டும்; ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். கட்டத்துக்கு வெளியே விழும் 1, செல்விட்டுச் செல் போகும் பாகம். உள்ளே விழும் 0, அந்தப் பாகத்துக்குத் தேவைப்படாத எந்திரம்.

அடுக்கியது நன்றா என்று அளப்பதில்தான் இந்தியர்களின் பங்கு பெரிது. எம். பி. சந்திரசேகரனும் ஆர். ராஜகோபாலனும் 1986இல் ஓர் அளவுகோல் தந்தார்கள். ஆனால் வெளியே கிடக்கும் 0களையும் அது சாதகமாக எண்ணியது. பெரிய அட்டவணையில் அவை ஏராளம் என்பதால் சுமாரான தொகுப்பும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். சி. சுரேஷ்குமாரும் சந்திரசேகரனும் 1990இல் அதைத் திருத்தினார்கள்: கட்டங்களுக்குள் இருக்கும் 1களை, மொத்த 1களோடு உள்ளிருக்கும் 0களைக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 7 எந்திரம், 10 பாகம், 20 ஒன்றுகள். அவற்றில் 2 வெளியே, உள்ளே 4 சுழி என்றால், உள்ளே 1களின் பங்கு, வெளியே 0களின் பங்கு ஆகிய இரு பகுதிக்கும் சம எடை தரும் பழைய அளவில் சுமார் 89%, புதியதில் 75%. பிந்தையதே நேர்மையான அளவு. இன்றும் புதிய முறைகள் பெரும்பாலும் இதைக்கொண்டே ஒப்பிடப்படுகின்றன. அதே சந்திரசேகரனும் ராஜகோபாலனும் 1987இல் வெளியிட்ட 40 எந்திரம், 100 பாக அட்டவணை இத்துறையின் வழக்கமான சோதனைக் கணக்கு. சென்னை ஐஐடியில் ஜி. சீனிவாசன், டி. டி. நரேந்திரன் ஆகியோரும் 1990களின் தொடக்கத்தில் புதிய தொகுப்பு முறைகளை உருவாக்கினார்கள்.

இந்த 0–1 அட்டவணை முறைக்கு உற்பத்தி எண்ணிக்கையும் எந்திரத்தின் சுமையும் தெரியாது. மாதம் பத்துப் பாகம் போகும் 1க்கும் பத்தாயிரம் போகும் 1க்கும் ஒரே மதிப்புதான். வெளியே விழுந்த 1க்காக இன்னொரு எந்திரம் வாங்குவதா, அந்த வேலையை மட்டும் ஜாப் ஒர்க்குக்கு விடுவதா என்பது செலவுக் கணக்கு. வெப்பப் பதப்படுத்தும் உலையும் முலாம் தொட்டியும் வெப்பம், புகை காரணமாகப் பெரும்பாலும் செல்லுக்குள் வருவதில்லை. எல்லாச் செல்களுக்கும் பொதுவாகத் தனியிடத்தில் இருக்கும்.